காற்றலையிற் பிறந்த கலையும் அதனைக் காப்போரும்

கலை வரலாறு எழுதப்படும்போது நூலாக அச்சேறியவையும் ஓவியமாகச் சுவரில் இடம்பெற்றவையுமே பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒலியாக ஒரு பொழுது தோன்றி மறைந்தவற்றை வரலாற்றாசிரியர் எளிதில் மறந்துவிடுகின்றனர். ஐக்கிய அமெரிக்காவில் 1960களின் நடுப்பகுதி தொடக்கம் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுக் காலம் செழித்திருந்த ஒருவகை வானொலிக் கலை, அவ்வாறு முற்றாக மறக்கப்படும் நிலையிலிருந்து தப்பியுள்ளது. அதனைத் தப்புவித்தோருள் நிலையங்களின் உடைமையாளரைக் காண்பது அரிது. வீட்டு மேசையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து இரவு நிகழ்ச்சிகளை நாடாவிற் பதிந்துகொண்ட சாதாரண நேயர்களும், வேலையிழந்து வெளியேறியபோது தம் நாடாக்களையும் பெட்டியில் எடுத்துச் சென்ற அறிவிப்பாளர்களுமே அப்பணியைச் செய்தனர். இன்று அந்நாடாக்கள் தேடப்படுகின்றன, பிரதியெடுக்கப்படுகின்றன, கைமாற்றப்படுகின்றன, விற்கவும் படுகின்றன.

செல்வம் மலிந்த நாட்டினர் சிலரின் பொழுதுபோக்கு இது. தபால்தலை சேர்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது என வாசகர் வினவலாம். வினா நியாயமானதே. சேகரிப்போர் பலரும் அவ்வாறே நடந்துகொள்கின்றனர் என்பதையும் பின்னர் காண்போம். ஆயினும் இம்முயற்சியின் அடியில் ஆழமான பிரச்சினை ஒன்று கிடக்கின்றது. உழைப்போர் உருவாக்கி, மக்கள் கேட்டு, முதலாளி உடைமையாக வைத்திருந்த ஒரு கலையின் நினைவு யாருக்கு உரியது? அந்நினைவை எவ்வடிவத்திற் காப்பது? இவ்விரு வினாக்களையும் மனங்கொண்டே பழைய நாடாக்களின் சேகரிப்பை நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

முதலில், சேகரிக்கப்படும் பொருள் யாது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் அவசியம். 1950களிலும் 1960களிலும் அமெரிக்க வர்த்தக வானொலியை ஆண்டது ‘முதல் நாற்பது’ எனப்பட்ட முறையாகும். அதிகம் விற்பனையாகும் நாற்பது பாடல்களே திரும்பத் திரும்ப ஒலிக்கும். அவற்றிடையே அறிவிப்பாளர் விரைந்து, உரத்து, வேடிக்கையாகப் பேசுவார். எப்பாடலை எப்போது இடுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்குக் கிடையாது. இதற்கு மாறாகத் தோன்றியதே ‘கட்டற்ற வடிவ’ ஒலிபரப்பு. இசைத்தட்டைத் தெரிவு செய்பவரும் வரிசைப்படுத்துபவரும் அறிவிப்பாளரே. மூன்று நிமிடப் பாடலோடு அவர் நின்றுவிட வேண்டியதில்லை. நீளிசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒலிக்கவிடலாம். கறுப்பின மக்களின் புளூஸ் பாடலை அடுத்து ஒரு சித்தார் ஆலாபனையும், அதனை அடுத்து ஒரு கவிதை வாசிப்பும், போர் எதிர்ப்புக் கூட்டமொன்றின் ஒலிப்பதிவும் வரலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் இணைப்பிலேதான் அறிவிப்பாளரின் கருத்து வெளிப்பட்டது. பல வேளைகளில் அரைமணி நேரம் வரை அவர் பேசாமலே இருப்பார். அடுக்கப்பட்ட இசையே அவருடைய பேச்சாக அமையும்.

இவ்வொலிபரப்பின் வர்த்தக வடிவத்துக்கு ‘முற்போக்கு றொக்’ வானொலி எனப் பெயரிட்டனர். முற்போக்கு என்னும் சொல்லை நாம் ஆளும் பொருள் வேறு. இசைச் சந்தை அதனை ஆண்ட பொருள் வேறு. இசை வடிவத்திற் புதுமை செய்வதையே சந்தை அச்சொல்லாற் குறித்தது. எனினும் இவ்விரு பொருள்களும் சில ஆண்டுகள் ஒன்றையொன்று தொட்டு நின்றன. அத்தொடர்பு எவ்வாறு ஏற்பட்டது, ஏன் அறுந்தது என்பதே இந்நாடாக்கள் நமக்குக் கூறும் செய்தியாகும்.

இக்கலையின் தோற்றத்தைத் தனிமனிதரின் மேதைமையால் விளக்குவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அதன் பொருளியல் அடித்தளத்தை நோக்கும்போதே உண்மை புலனாகின்றது. பண்பலை ஒலிபரப்பு நுட்பம் 1930களிலேயே உருவாகியிருந்த போதிலும் நெடுங்காலம் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. மத்திய அலை நிலையங்களை வைத்திருந்த கம்பெனிகளே பல பண்பலை உரிமங்களையும் வைத்திருந்தன. புதிதாக ஒரு சதமும் செலவிட விரும்பாத அவை, மத்திய அலை நிகழ்ச்சியையே பண்பலையிலும் ஒலிபரப்பி வந்தன. 1964இல் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு இதற்கு ஒரு கட்டுப்பாடு விதித்தது. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களில், ஒரே உடைமையின் கீழுள்ள பண்பலை நிலையம் தன் நேரத்தின் பாதிக்கு மேல் மத்திய அலை நிகழ்ச்சியைப் பிரதிசெய்தல் ஆகாது என்பதே அவ்விதி. கம்பெனிகள் முணுமுணுத்தன, தவணை கேட்டன, இறுதியில் 1967 ஆண்டுத் தொடக்கமளவில் விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இதன் விளைவாக, நிரப்ப வேண்டிய மணித்தியாலங்கள் திடீரெனப் பெருகின. விளம்பரதாரர் வாங்க விரும்பாத நேரம் அது. கேட்போர் தொகையும் குறைவு. குறைந்த கூலியில், விருப்பமான இசைத்தட்டுக்களை வீட்டிலிருந்தே சுமந்து வந்து நிகழ்ச்சி நடத்த முன்வந்த இளைஞர்களிடம் அந்நேரம் கையளிக்கப்பட்டது. உடைமையாளரைப் பொறுத்தவரை அது மலிவான நிரப்பல். இளைஞர்களைப் பொறுத்தவரை அது விடுதலை. ஒரே செயல் இரு வர்க்கத்தாருக்கு இருவேறு பொருளைத் தந்தது. இம்முரண்பாடு தொடக்கத்திலேயே உள்ளே இருந்தது என்பதை மறந்துவிட்டால் பின்னர் நிகழ்ந்தவற்றை நாம் விளங்கிக்கொள்ள முடியாது.

சான் பிரான்சிஸ்கோ நகரின் கே.எம்.பி.எக்ஸ். நிலையம் இதற்குத் தக்க உதாரணமாகும். வேற்றுமொழி நிகழ்ச்சிகளுக்கு நேரத்தை விற்று நாளோட்டிய சிறு நிலையம் அது. 1967 பெப்ரவரியில் லரி மில்லர் அங்கு நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்தைப் பெற்றார். அதே ஆண்டு ஏப்ரலில், மத்திய அலை வானொலியிற் பெயர்பெற்றிருந்த ரொம் டொனஹ்யூ அந்நிலையத்தில் இரவு நிகழ்ச்சியைத் தொடங்கினார். சில மாதங்களில் நிலையம் முழுவதும் புதிய முறைக்கு மாறியது. நியூயோர்க்கில் 1966 யூலை இறுதியில் டபிள்யூ.ஓ.ஆர். பண்பலை நிலையம் இதையொத்த பாதையிற் காலடி வைத்திருந்தது. அங்கே பாடற்பட்டியலை நிர்வாகம் திணிக்க முற்பட்டபோது, றொஸ்கோ என்ற பெயரால் அறியப்பட்ட கறுப்பின அறிவிப்பாளர் பில் மேர்சர், 1967 ஒக்டோபரில் ஒலிபரப்பின்போதே தம் பதவி விலகலை அறிவித்துவிட்டு வெளியேறினார். அம்மாத முடிவில் அவர் டபிள்யூ.என்.ஈ.டபிள்யூ. பண்பலை நிலையத்தில் மீண்டும் ஒலித்தார். பொஸ்ரன் நகரில் 1968 மார்ச் 15ஆம் திகதி டபிள்யூ.பி.சி.என். நிலையம் இவ்வழிக்கு வந்தது.

வர்த்தக நிலையங்களுக்கு முன்னரே வேறொரு மரபு இருந்தது என்பதையும் இவ்விடத்திற் குறிப்பிடவேண்டும். லூவிஸ் ஹில் என்ற போர் எதிர்ப்பாளரின் முன்முயற்சியால் பேர்க்லி நகரில் 1949இல் கே.பி.எப்.ஏ. நிலையம் தொடங்கப்பெற்றது. விளம்பரம் எதனையும் ஏற்காது, நேயரின் சந்தாப்பணத்திலேயே அது இயங்கிற்று. அதனை நடத்திய பசிபிக்கா நிறுவனத்திடம் 1960இல் நியூயோர்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையமும் வந்து சேர்ந்தது. அங்கேதான் 1963இல் பொப் ஃபாஸ், ‘பெயரிட முடியாத வானொலி’ எனப் பொருள்படும் தலைப்பில் தம் நள்ளிரவு நிகழ்ச்சியை ஆரம்பித்தார். பாடகரும் கவிஞரும் போராட்டக்காரரும் அவர் அறைக்குள் வந்தனர். நேயரின் தொலைபேசி அழைப்புக்கள் நேரே காற்றலையில் ஏறின. 1967 பெப்ரவரியில், விமான நிலையத்திற் கூடுவோம் வாருங்கள் என அவர் விடுத்த அழைப்பைக் கேட்டு, கென்னடி விமான நிலையத்தில் நள்ளிரவிற் சில ஆயிரம் பேர் திரண்டனர். கேட்போர் என்ற நிலையிலிருந்து பங்குகொள்வோர் என்ற நிலைக்கு மக்கள் மாறிய தருணம் அது.

இவ்வாறு தோன்றிய கலை எவ்வாறு ஒடுங்கிற்று? 1968 மார்ச் 18ஆம் திகதி கே.எம்.பி.எக்ஸ். ஊழியர்கள் கூலியையும் நிகழ்ச்சிச் சுதந்திரத்தையும் முன்வைத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பசடீனாவிலிருந்த சகோதர நிலையத்தவரும் உடன் இறங்கினர். இசைக் குழுக்கள் ஆதரவு தந்தன. ஆயினும் ஏறத்தாழ இரு மாதங்களின் பின் அவர்களுள் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த இடம் எது? மெற்றோமீடியா என்னும் பெருங் கம்பெனிக்குச் சொந்தமான கே.எஸ்.ஏ.என். நிலையமே. சிறு முதலாளியை எதிர்த்து வெளியேறியவருக்குப் பெருமுதலாளி கதவைத் திறந்துவிட்டார். இளைஞரின் கிளர்ச்சியும் விற்பனைக்குரிய சரக்கே என்பதைப் பெரிய கம்பெனிகள் அதற்குள் கண்டுகொண்டிருந்தன. அதிகாரம் எமது இசையை அடக்க முடியாது என்ற கருத்துப்பட, 1968இல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி விளம்பரமே வெளியிட்டது! அதிகாரத்தின் அங்கமாகிய ஒரு நிறுவனம் அதிகாரத்தை எதிர்ப்பதாகக் கூறித் தட்டு விற்றதைக் காட்டிலும் முதலாளித்துவப் பண்பாட்டின் சாமர்த்தியத்துக்கு வேறு சான்று வேண்டுமா?

அடுத்து அரசாங்கமும் தன் பங்கைச் செலுத்திற்று. ஒலிபரப்பப்படும் பாடல்களில் போதைப்பொருளைப் புகழும் சொற்கள் உளவோ என அறிந்திருத்தல் உரிமம் பெற்றோரின் பொறுப்பு என, 1971 மார்ச்சில் ஆணைக்குழு ஓர் அறிவித்தலை விடுத்தது. நேரடித் தடை எதுவும் அதில் இல்லை. ஆனால் உரிமத்தை இழக்க அஞ்சும் உடைமையாளர், அறிவிப்பாளரின் தெரிவுரிமையிற் கைவைப்பதற்கு அது போதிய சாட்டாயிற்று. 1970களில் லீ ஏப்ரம்ஸ் போன்ற ஆலோசகர்கள், இசைத்தட்டு வாங்குவோரின் விருப்பை ஆராய்ந்து, எந்நகருக்கும் பொருந்தும் பாடல் அட்டவணைகளை வகுத்துக் கொடுத்தனர். அப்பத்தாண்டின் முடிவிலே பண்பலை நேயர் தொகை மத்திய அலையினதை விஞ்சியது. இலாபம் வந்தது, ஆகவே சுதந்திரம் போயிற்று. 1979 பெப்ரவரியில் டபிள்யூ.பி.சி.என். நிலையத்தை வாங்கிய புதிய உடைமையாளர், ஊழியருட் பலரை ஒரேயடியாக நீக்கினர். தொழிற்சங்கமாகத் திரண்டிருந்த ஊழியர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்து, நேயரின் துணையோடு வேலையை மீட்டனர். அவ்வெற்றி போற்றத்தக்கது. எனினும் காலத்தின் போக்கை அது மாற்றவில்லை. 1980இல் கே.எஸ்.ஏ.என். நாட்டுப்புறப் பாணிப் பாடல் நிலையமாக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் நாடு முழுவதும் ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலையங்களின் எண்ணிக்கைக்கிருந்த உச்சவரம்பை நீக்கியதும், சில ஆண்டுகளுள் ஒரே கம்பெனியின் கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் குவிந்தன. டபிள்யூ.பி.சி.என். தன் பழைய அலைவரிசையில் 2009இல் ஓய்ந்தது.

இப்போது நாடாக்களுக்கு வருவோம். இத்தனை ஆண்டுகள், இத்தனை நிலையங்கள், நாளொன்றுக்கு இருபத்துநான்கு மணித்தியாலம் ஒலித்தவற்றுள் எஞ்சியது ஒரு துளியே. ஒலிபரப்பியதைப் பாதுகாப்பதில் உடைமையாளருக்கு ஆதாயம் எதுவும் இருக்கவில்லை. நாடா விலையுயர்ந்தது, பதிந்ததை அழித்து மீண்டும் பதிவதே வழக்கம். நேயரின் நிலையும் அதுவே. ஏழு அங்குலச் சுருளிலே 1,800 அடி நாடாவை, விநாடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் ஓட்டினால், ஒரு திசையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் பதியலாம். ஓரிரவு நிகழ்ச்சியைக் காக்க எத்தனை சுருள் வேண்டும் என்பதை ஆசிரியரும் மாணவரும் கணக்கிட்டுக் கொள்ளலாம். 1963இல் பிலிப்ஸ் கம்பெனி அறிமுகஞ்செய்த கசெற் பரவிய பின்னரே பதிவு எளிதாயிற்று. ஆகவே தொடக்ககால நாடா ஒவ்வொன்றும், வசதி குறைந்த ஒருவர் மனமுவந்து செய்த செலவின் விளைவு எனலாம்.

இந்நாடாக்கள் மூவகைப்படும். அறிவிப்பாளர் வேறு வேலை தேடுவதற்காகத் தம் குரலைப் பதிந்து வைத்தவை முதல் வகை. ஒலிவாங்கி திறக்கும்போது மட்டும் ஓடி, பாடல் தொடங்கியதும் நின்றுவிடும்படி கருவியை இணைத்து இவை பதியப்பட்டன. வேலை தருபவருக்குக் கேட்கவேண்டியது குரல் மட்டுமே அன்றோ? பாடல்களும் கூடியிருந்த பதிவைப் பின்னாளில் வெட்டிச் சுருக்கியனவும் இவ்வகையுள் அடங்கும். ‘முதல் நாற்பது’ வானொலியை அறிய இத்தகைய நாடா போதும். ஏனெனில் பாடல்கள் யாவரும் அறிந்தவை, புதுமை பேச்சிலேதான் இருந்தது. கட்டற்ற வடிவ ஒலிபரப்பையோ இது கொன்றுவிடுகின்றது. ஒரு பாடலின் இறுதி ஒலியினின்று மற்றொன்றின் முதல் ஒலி எவ்வாறு எழுந்தது, எச்செய்தியின் பின் எவ்விசை வந்தது என்பதிலேதான் அக்கலை உறைந்தது. அதனை நீக்கிவிட்டு, நிலையத்தின் பெயரையும் நேரத்தையும் கூறும் குரலை மட்டும் காப்பது, நெல்லை எறிந்துவிட்டுச் சாக்கைப் பத்திரப்படுத்துவதை ஒக்கும்.

இரண்டாம் வகை இதற்கு நேர்மாறானது. புகழ்பெற்ற குழுக்களின் நேரடி இசைநிகழ்ச்சிகளை வானொலியினின்றும் பதிந்து, அறிவிப்பாளரின் பேச்சையும் செய்தியையும் விளம்பரத்தையும் வெட்டியெறிந்து, இசையை மட்டும் தனியே பிரித்தெடுத்தவை அவை. அங்காடிக்குப் பெரிதும் உகந்தவை இவையே. இறுவட்டுக்களாகவும் இவை விற்பனையாகின்றன. இசையைச் சமுதாயத்தினின்றும் பிரித்துத் தூய பொருளாக்கும் இச்செயலிலே, ‘கலை கலைக்காகவே’ என்ற பழைய வாதம் கத்தரிக்கோல் வடிவில் மீண்டும் தோன்றுவதைக் காண்கின்றோம். ஒரு வகையார் இசையை வெட்டினர். மறுவகையார் உலகத்தை வெட்டினர். வெட்டுண்டது இரண்டிலும் உறவே.

மூன்றாம் வகையே நாம் போற்றவேண்டியது. தொடக்கம் முதல் முடிவு வரை, தட்டில் ஊசி சிக்கிய இடத்தையும் அறிவிப்பாளர் தடுமாறிய இடத்தையும் நீக்காது, ஒரு நேயர் பதிந்த முழு நாடா அது. அதிலே வியட்நாம் போர்ச் செய்தி உண்டு. கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞருக்கான ஆலோசனை உண்டு. செருப்புக்கடை விளம்பரமும் உண்டு. கே.எஸ்.ஏ.என். நிலையத்தில் ஸ்கூப் நிஸ்கர் பேச்சுத் துண்டுகளையும் இசையையும் ஒட்டி ஆக்கிய செய்திக் கோவைகளின் பொருள், அவற்றின் முன்னும் பின்னும் ஒலித்தவற்றோடு சேர்த்துக் கேட்கும்போதே முழுமை பெறுகின்றது. 1969 டிசம்பர் 6ஆம் திகதி ஒல்ரமொன்ற் இசைவிழாவில் ஓர் இளைஞர் கொல்லப்பட்டார். மறுநாள் அதே நிலையம் தன் காற்றலையை நேயருக்குத் திறந்துவிட்டது. விழாவிற் கலந்துகொண்டோரும், காவலுக்கு நின்ற மோட்டார் சைக்கிட் கும்பலின் தலைவரும் தொலைபேசியிற் பேசினர். அப்பதிவின் பகுதிகள் 1970இல் வெளிவந்த ‘கிம்மி ஷெல்ரர்’ என்ற விவரணத் திரைப்படத்தில் இடம்பெற்றுள்ளன. ஒரு தலைமுறையின் கனவு கலைந்த காலையில் அத்தலைமுறை தன்னைத்தானே விசாரணை செய்த சாட்சியம் அது. எப்பத்திரிகைத் தலையங்கத்திலும் அத்தனை குரல்கள் இடம்பெற்றிருக்க முடியாது.

பொப் ஃபாஸின் நாடாக்களும் அத்தகையனவே. 1971இல் உயிரை மாய்த்துக்கொள்ள மாத்திரைகளை விழுங்கிவிட்டு நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் அழைத்த ஒருவரை, அவர் இருப்பிடம் கண்டறியப்படும்வரை நெடுநேரம் பேசவைத்து ஃபாஸ் காப்பாற்றினார். 1977இல் நிலையத்தினுள் எழுந்த பிணக்கிலே ஊழியர் நிலையத்தைக் கைப்பற்றியிருந்து தோற்றனர். ஃபாஸ் சில ஆண்டுகள் வெளியே தள்ளப்பட்டார். நேயர் பணத்தில் இயங்கும் நிறுவனமும் தன் கலைஞரை வெளியேற்றக்கூடும் என்பதற்கு இதுவே சான்று. பல ஆண்டுகளாக அவர் வீட்டிற் குவித்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான மணித்தியால நாடாக்கள் பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழக நூலகத்தைச் சென்றடைந்தன. 2021இல் ஃபாஸ் காலமானார். அவர் குரல் ஆய்வாளருக்கு எஞ்சியுள்ளது.

சேகரிப்போரைப் பற்றி இனி நேராகவே கூறலாம். அவர்களின் உழைப்பின்றி இவ்வரலாறு இல்லை. எனினும் அவர்களுட் பலர் நாடாவைச் செல்வமாகக் கருதிப் பூட்டிவைக்கின்றனர். மூலப்பதிவா, அதன் முதற் பிரதியா, பிரதியின் பிரதியா என்ற கணக்கே அவர்களுக்குப் பெரிதாகின்றது. பிறரிடம் இல்லாதது தம்மிடம் உண்டு என்பதே இன்பமாகின்றது. தம் இளமையை மீண்டும் கேட்பதற்காகவே கேட்கின்றனர். அவ்விளமையின் நாட்களில் எது போராடப்பட்டது என்பதைக் கேட்பதில்லை. யாவர்க்கும் பொதுவாகக் காற்றிற் பரவிய ஒன்றைத் தனியுடைமையாக்குவதில், நிலையத்தின் உடைமையாளருக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு? சட்டமும் உடைமையின் பக்கமே நிற்கின்றது. 2018இல் இயற்றப்பெற்ற அமெரிக்கச் சட்டத்தின்படி, 1957 முதல் 1972 பெப்ரவரி நடுப்பகுதி வரையான இசைத்தட்டுப் பதிவுகளுக்கு 2067 வரை உரிமைப் பாதுகாப்பு உண்டு. கட்டற்ற ஒலிபரப்பின் முழு நாடா ஒன்றிலே அத்தகைய பதிவுகள் பல அடங்கியிருத்தலால், அதனைப் பகிரங்கமாக வெளியிடத் துணிவோர் சிலரே. ஆகவேதான் இசை நீக்கிய பதிவே பாதுகாப்பானது எனச் சிலர் கருதுகின்றனர். சந்தையின் கத்தரிக்கோலைச் சட்டத்தின் கத்தரிக்கோல் தொடர்கின்றது.

மறுபுறம் நல்ல முன்மாதிரிகளும் உள. பொஸ்ரன் நிலையத்தின் வரலாற்றை விவரணப் படமாக்க முயன்ற பில் லிச்சென்ஸ்ரைன், நாடாக்களையும் புகைப்படங்களையும் தருமாறு பொதுமக்களையே வேண்டினார். பரண்களிலும் நிலவறைகளிலும் கிடந்தவை வெளிவந்தன. அச்சேகரம் மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இடம்பெற்றது. பசிபிக்கா நிறுவனம் லொஸ் ஏஞ்சல்ஸில் தன் ஒலிச் சுவடிக்கூடத்தைப் பேணுகின்றது. அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகத்தின் ஆதரவில் 2014இல் வானொலிப் பாதுகாப்புக்கென ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது. 1968இல் கல்லூரி மாணவரால் இவ்வழிக்குத் திருப்பப்பட்ட நியூ ஜேர்சியின் டபிள்யூ.எப்.எம்.யூ. நிலையம், அக்கல்லூரி 1995இல் மூடப்பட்ட பின்னும் நேயர் உதவியால் இன்றும் கட்டற்ற வடிவத்திலேயே ஒலிக்கின்றது. தன் பழைய நிகழ்ச்சிகளை எவரும் கேட்கத் திறந்தும் வைத்துள்ளது. ஒரு மரபு உயிரோடிருக்கும் இடத்தில் அதன் பழைய பதிவுகள் அருங்காட்சிப் பொருள் ஆவதில்லை.

ஆயினும் பழையவற்றைக் காப்பது அவற்றை வழிபடுவது ஆகாது. நாடாக்களைச் செவிசாய்த்துக் கேட்கும் விமர்சகன் அக்காலத்தின் குறைகளையும் கேட்டாக வேண்டும். டபிள்யூ.என்.ஈ.டபிள்யூ. பண்பலை நிலையம் 1966இல் பெண் அறிவிப்பாளரை மட்டும் கொண்டு மெல்லிசை நிகழ்ச்சிகளை நடத்தியது. மறு ஆண்டு றொக் இசைக்கு மாறியபோது அவர்களுள் நிலைத்து நின்று புகழ்பெற்றவர் அலிசன் ஸ்ரீல் ஒருவரே. அவருக்கும் இரவு நேரமே ஒதுக்கப்பட்டது. கே.எம்.பி.எக்ஸ். பெண்களை ஒலிக்கட்டுப்பாட்டுப் பணியில் அமர்த்தியமை அக்காலத்திற் புதுமையே. அவ்வாறு வந்த டஸ்ரி ஸ்ரீற் பின்னர் சிறந்த அறிவிப்பாளராகவும் விளங்கினார். அமெரிக்கப் புரட்சி என்று தன்னை அழைத்துக்கொண்ட பொஸ்ரன் நிலையமோ, தட்டெழுத்துப் பணிக்கு ஆள் வேண்டுமென 1970இல் விடுத்த அறிவிப்பிலே, பெண்ணைக் கோழிக்குஞ்சு எனக் குறிக்கும் கொச்சைச் சொல்லை ஆண்டது. பெண் விடுதலை இயக்கத்தினர் உயிருள்ள கோழிக்குஞ்சுகளை நிலையத்துக்கே கொண்டுசென்று தம் எதிர்ப்பைப் புலப்படுத்தினர். விடுதலை பேசிய ஒலிவாங்கியின் முன்னே யார் அமர்ந்தனர், பின்னே யார் தட்டெழுதினர் என்ற வினாவைத் தவிர்க்கும் சேகரிப்பு, வரலாற்றின் பாதியை மட்டுமே சேகரிக்கின்றது.

இன்னுமொன்று. எஞ்சிய நாடாக்கள் அக்காலத்தின் முழுப்படம் ஆகமாட்டா. கருவி வாங்க வசதி படைத்தவர், பதியத் தக்கது எனக் கருதியதே எஞ்சியது. பெரும் நகரங்களின் புகழ்பெற்ற குரல்கள் தப்பின. சிறு நகரங்களில் விடியும்வரை உழைத்த பெயரறியா அறிவிப்பாளரின் குரல்கள் போய்விட்டன. ஆதலால் எஞ்சியதைக் கொண்டு போனதையும் ஊகித்தறியும் பொறுப்பு ஆய்வாளருக்கு உண்டு. சேகரிப்பாளர் நாடாவோடு அதன் விவரங்களையும் சேர்த்துக் காத்தல் இதற்கு இன்றியமையாதது. யார் பதிந்தார், எந்நாளில், எக்கருவியில், ஒலிக்கட்டுப்பாட்டில் இருந்தவர் யார், தொலைபேசியிற் பேசியோர் எத்தகையோர் என்பன குறிக்கப்படல் வேண்டும். நட்சத்திர அறிவிப்பாளரின் பெயரை மட்டும் பெட்டியின் மேல் எழுதுவது, கட்டடத்திற்குச் சொந்தக்காரன் பெயரை மட்டும் பொறிப்பது போன்றதே.

காலமும் அதிகம் இல்லை. பழைய அசெற்றேற் நாடாக்கள் புளித்த வாடை வீசிச் சுருங்குகின்றன. 1970களில் வந்த நாடாக்கள் பலவற்றிலே காந்தத்துகளைப் பிணைக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிக் கசிகின்றது. ஓட்டினால் கருவியில் ஒட்டிக்கொள்கின்றது. மென்சூட்டிற் பல மணி நேரம் வாட்டியெடுத்தாற் சிறிது காலத்துக்கு மட்டும் அவை மீண்டும் ஓடும். அந்த ஓட்டத்திலேயே புதிய பதிவு செய்யப்படல் வேண்டும். பூட்டிய அலுமாரியில் இருப்பதால் நாடா காப்பாற்றப்படுகின்றது என்று எண்ணுவோர், அலுமாரிக்குள்ளேயே அது அழிவதை உணர்வதில்லை. பூட்டும் அழிவும் இங்கு ஒன்றே.

எனவே நம் முடிபு இது. கட்டற்ற வானொலி, முதலாளித்துவ ஒலிபரப்பின் சுவரில் ஒரு விதி ஏற்படுத்திய வெடிப்பினூடே புகுந்த வெளிச்சம். அவ்வெடிப்பு இலாபம் கண்டவுடன் பூசப்பட்டது. வெளிச்சம் நுழைந்த அக்காலத்தின் சாட்சியமே நாடாக்கள். அவற்றை வெட்டாது காக்க வேண்டும்; உழைத்தோர் பெயரோடு காக்க வேண்டும்; கேட்க விரும்பும் எவருக்கும் திறந்து வைக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத சேகரிப்பு எத்தனை ஆயிரம் சுருளைக் கொண்டிருப்பினும் அது பண்டகசாலையே. இம்மூன்றும் அமையுமாயின், ஒரே ஒரு கசெற்றும் மக்கள் வரலாற்றின் ஏடாகத் திகழும்.